அம்பு பட்ட மான் ஏன் நடந்து போகிறது? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

போன இதழில், பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்த வில் வேட்டையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆட்டு அம்மை, கோழிக் கழிச்சல் என்றுதான் வழக்கமாகக் கடிதம் வரும். இந்த முறை தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் மானைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க மான்தான். ஆடு மாடு கேள்விகள் அடுத்த இதழுக்கு.

டாக்டர், என் மகன் மிச்சிகனில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர் வில் வேட்டைக்காரர், ஒரு நாள் இவனையும் பரணுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அம்பு விட்டதும் மான் முதுகைக் கூன்போட்டுக்கொண்டு பத்தடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் புதருக்குள் போய்விட்டதாம். தப்பிவிட்டது என்று என் மகனுக்குச் சந்தோஷம். அவரோ முகம் வாடிப்போய், "இன்றைக்கு நாம் கீழே இறங்கி அந்தப் பக்கமே போகக் கூடாது, காலையில்தான் தேட வேண்டும்" என்றாராம். அம்பு பட்ட மான் நடந்தா போகும்?
— ஒரு வாசகி, கீழக்கரை

போகும் அம்மா. அவர் முகம் வாடியதற்குக் காரணமும் அதுதான். அந்த மானுக்கு அம்பு வயிற்றில் பட்டிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக் குண்டு அடிக்கும் அடியில் உடம்பே அதிரும், எலும்பு நொறுங்கும். அம்பு அப்படி இல்லை. வேட்டைக்கான அம்பின் முனையில் சவர பிளேடு போலக் கூர்மையான இரண்டு மூன்று தகடுகள் இருக்கும், அவை அறுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பல நேரம் அம்பு மானை ஊடுருவி மறுபக்கம் மண்ணில் குத்தி நிற்கும். தனக்கு என்ன நடந்தது என்று மானுக்கே சரியாகப் புரியாது. மீன் நறுக்கும்போது அரிவாள்மனை கையைக் கிழித்ததை, ரத்தம் சொட்டிய பிறகுதானே பல நேரம் நாம் பார்க்கிறோம், அது போலத்தான். ஆக, அம்பால் மான் சாவது ரத்தம் வடிந்துதான். எந்த உறுப்பு அறுபட்டதோ அதைப் பொறுத்து அது சில வினாடியில் முடியும், அல்லது ஒரு ராத்திரி முழுக்க இழுக்கும். மான் முதல் சில வினாடிகளில் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து, எங்கே பட்டிருக்கும் என்று அனுபவசாலிகள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர், அறுபது வயதைத் தாண்டியவர், அக்டோபர் வந்தால் உரிமம் எடுத்துக்கொண்டு வில்லோடு காட்டுக்குப் போய்விடுவார். நான் கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும் என்னை விடவில்லை, இரண்டு முறை கூடவே கூட்டிப்போனார். எனக்கு வேட்டை பிடிக்காது, அதை அவரிடம் நேராகவே சொன்னேன். ஆனாலும் அடிபட்ட விலங்கின் உடம்பு என்ன செய்கிறது என்பதை நாற்பது வருடம் பார்த்தவன் என்பதால் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஒரு கிடா மான் இருபது கஜத்துக்குள் வந்தது. அவர் அம்பு விட்டதும் அது பின்னங்கால் இரண்டையும் தூக்கிக் கழுதை மாதிரி ஒரு உதை உதைத்தது, வயிறு தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து கண்மண் தெரியாமல் ஓடியது, மரங்களுக்குள் மறைந்து கொஞ்ச நேரத்தில் சருகு நொறுங்கும் சத்தம் ஒன்று, அப்புறம் ஒன்றும் இல்லை. "நெஞ்சில்" என்று மட்டும் சொன்னார். அந்த உதை பெரும்பாலும் இதயத்திலோ அதை ஒட்டியோ பட்டதன் அடையாளம். நுரையீரல் இரண்டும் துளைபட்டாலும் உதைக்கலாம், உதைக்காமல் பாய்ந்து ஓடவும் ஓடலாம்.

இதயம் கிழிந்த மான் எப்படி நூறு மீட்டர் ஓடுகிறது என்று கேட்பீர்கள். ரத்த ஓட்டம் நின்றாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்து வினாடிக்குத் தாங்கும், தசைகள் அந்த நேரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமலே வேலை செய்யும். மான் முழு வேகத்தில் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், செத்துக்கொண்டே நூறு மீட்டர் ஓடிவிடும்.

வயிற்றிலோ குடலிலோ பட்டால் கதை வேறு. மான் ஓடாது, அல்லது கொஞ்சம் ஓடி நின்றுவிடும். முதுகைக் கூன்போட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி நடக்கும். உங்கள் மகன் பார்த்தது இதைத்தான். பெருவயிற்றில் இருக்கும் அரைபட்ட இரை கசிந்து வயிற்றறை முழுக்கப் பரவும்போது வரும் வலி அந்தக் கூனில் தெரியும். மாடு முட்டி வயிறு கிழிந்த ஆட்டையும் கம்பி விழுங்கிய பசுவையும் இதே கூனோடு நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரிய ரத்தக்குழாய் அறுபடாததால் சாவு சீக்கிரம் வராது, பல மணி நேரம் ஆகும். கல்லீரலில் பட்டால் இரண்டுக்கும் நடுவில், சில மணி நேரம். முதுகெலும்பில் பட்டால் மட்டுமே மான் நின்ற இடத்திலேயே விழும். விழுந்தாலும் உயிர் உடனே போயிருக்காது, அதனால் அடுத்த அம்பைத் தயங்காமல் விட வேண்டும்.

நடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மான்களும் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. அதனால் மான் நின்ற இடத்தில் கிடக்கும் மயிரையும், ரத்தத்தையும், அம்பையும் பார்க்கிறார்கள். இளஞ்சிவப்பாக நுரை நுரையாக ரத்தம் இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம். அம்பில் பச்சையும் பழுப்புமாக வழவழப்பு ஒட்டி, முகர்ந்தால் சாணி நாற்றம் அடித்தால் குடல். வெள்ளை மயிர் கிடந்தால் அம்பு அடிவயிற்றுப் பக்கம் தாழ்ந்து போயிருக்கிறது.

சரி, ஏன் காலை வரை காத்திருக்க வேண்டும்? துரத்தாமல் விட்டால் அடிபட்ட மான் நூறு இருநூறு மீட்டருக்குள் ஒரு மறைவில் படுத்துவிடும். படுத்தால் அங்கேயே உயிர் போகும். நீங்கள் பின்னாலேயே போனால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதை மறுபடி எழுப்பி ஓட வைக்கும், எங்கேயோ இரண்டு மைல் தள்ளி யார் கண்ணிலும் படாமல் சாகும். நெஞ்சில் பட்டது என்று உறுதியாகத் தெரிந்தாலும் அரை மணி நேரம், கல்லீரல் என்றால் மூன்று நாலு மணி நேரம், வயிறு என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்தத் தச்சர் சொன்னார். அந்த மான் அத்தனை நேரம் நோவில் கிடக்கும் என்பது அவருக்கும் தெரியும். உங்கள் மகனோடு போனவர் முகம் வாடியதை வைத்தே அவர் நல்ல மனிதர் என்று நினைக்கிறேன். அது தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனே மோசம். காலையில் கிடைத்ததா என்று மகனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அம்பு வருவதைப் பார்த்து மான் குனிந்து தப்பிக்கிற ஒரு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. மானுக்கு அவ்வளவு கூர்மையான கண்ணா?
— கல்லூரி மாணவர், தொண்டி

தம்பி, அது கண் இல்லை, காது. இன்னொன்று, அது தப்பிப்பதற்காகக் குனியவும் இல்லை.

இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது இரண்டு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில். மிசௌரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நாணை முழுக்க இழுத்த பிறகு கையில் தாங்க வேண்டிய இழுவிசை நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதனால் நிதானமாகக் குறி பார்க்கலாம். அதிலிருந்து அம்பு வினாடிக்குச் சுமார் 85 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் நாண் விடுபடும் சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகுமே! ரைபிள் குண்டு ஒலியை முந்திவிடும், மானுக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு பட்டிருக்கும். அம்பு ஒலிக்குப் பின்னால்தான் வரும்.

18 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்குச் சத்தம் 0.05 வினாடியில் போய்ச் சேரும், அம்பு போய்ச் சேர 0.21 வினாடி ஆகும். மானின் காதும் நரம்பும் தசையும் சுதாரிப்பதற்குள் அம்பு வந்துவிடும், உடம்பு இறங்கினாலும் ஒரு விரற்கடைதான் இறங்கியிருக்கும். அதே மான் 36 மீட்டரில் நின்றால் சத்தத்துக்கும் அம்புக்கும் நடுவில் 0.3 வினாடி கிடைக்கிறது. கண் இமைக்கும் நேரம் என்று நாம் சொல்வது அவ்வளவுதான், ஆனால் அதற்குள் மானின் உடம்பு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். மானின் நுரையீரல் பரப்பே பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குத்தான் இருக்கும்! நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது அதைவிட மோசமாக, முதுகுச் சதையில் குத்தி நிற்கும்.

ஏன் இறங்குகிறது என்று கேட்டால், ஓடுவதற்காக. நீ சடுகுடு ஆடியிருப்பாய், பாய்வதற்கு முன்னால் முழங்காலை மடக்கித்தானே பாய்வாய். மானும் சத்தம் கேட்டதும் நாலு காலையும் மடக்கிப் பாய்ச்சலுக்குத் தயாராகிறது, அந்த மடக்கலில் உடம்பு தாழ்கிறது, அம்பு மேலே போய்விடுகிறது. அம்பு என்ற ஒன்று வருவதே அதற்குத் தெரியாது. அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் மானைவிட, தலையைத் தூக்கிக் காதை விறைத்து நிற்கும் மான் வேகமாக இறங்கும். அதனால் நல்ல வேட்டைக்காரன் இரண்டு காரியம் செய்வான், விறைத்து நிற்கும் மான் மேல் அம்பு விட மாட்டான், தூரத்தில் நிற்கும் மான் மேலும் விட மாட்டான். இலக்குப் பலகையில் அறுபது மீட்டரில் அடிக்க முடிகிறதே என்று காட்டிலும் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பலகைக்குக் காதும் காலும் கிடையாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். காயத்தோடு காட்டில் கிடந்து சாகும் மான்களில் பல இவர்களால் வருபவை என்பது என் அபிப்பிராயம்.

வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாமே. நடக்கிற காரியமா?
— தமிழாசிரியர், தேவிபட்டினம்

ஐயா, புலவர் தன் வள்ளலின் கைவலியைப் பாடியது அது. அதன் அழகைக் கணக்குப் போட்டுக் குறைக்க நான் விரும்பவில்லை. கடைசியில் அம்பு புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று முடித்திருப்பது, அம்பு உடம்பை ஊடுருவி மறுபக்கம் போய்க் குத்தி நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

மானை ஊடுருவுவது உண்மை. இன்றைய வேட்டை அம்பு 25, 30 கிராம் எடைதான் இருக்கும், அதன் ஆற்றல் சுமார் 100 ஜூல். பெரிய ரைபிள் குண்டுக்கு 3,000 ஜூலுக்கு மேல் உண்டு. முப்பதில் ஒரு பங்கு ஆற்றலோடு அம்பு மானைத் தாண்டிப் போகிறதென்றால், முனையின் கூர்மையும் தண்டின் எடையும் சேர்ந்து செய்யும் வேலை அது. மழுங்கிய முனை ரத்தக்குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும், கூர்முனை அறுத்துக்கொண்டு போகும். அறுவை சிகிச்சைக் கத்திக்கும் இதே விதிதான்.

எங்கள் தாத்தா காலத்தில் மான் வேட்டைக்கு அம்பைவிட வளரிதான் என்பார். வளரி பட்ட மான் என்ன செய்யும்?
— ஒரு வாசகர், திருப்பாலைக்குடி

வளரி என்பது வளைந்த எறி ஆயுதம், அது அறுக்காது, முறிக்கும். ஓடும் மானின் காலைப் பார்த்து எறிவார்கள் என்றுதான் என் பாட்டனாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கால் முறிந்தால் மான் அங்கேயே மடியும், பின்னாலேயே ஆள் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவான், காத்திருக்கும் பேச்சே இல்லை. அம்பு வேட்டை ஒளிந்திருந்து செய்வது, வளரி வேட்டை வெட்டவெளியில் ஓடிச் செய்வது. பனையும் உடைமரமும் தவிர மறைவே இல்லாத நம் சீமைக்கு அது பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். வெல்ஷ் இருந்த அதே கும்பினிப் படை 1801-இல் சின்ன மருதுவைத் தூக்கில் போட்டது. உங்கள் வீட்டில் பழைய வளரி ஏதும் இருந்தால் பரணில் துருப்பிடிக்க விடாதீர்கள், எண்ணெய் தடவி வையுங்கள்.

மாரீசன் அம்பு பட்டதும் ராமன் குரலில் அலறினான் என்று சேதுக்கரையில் கதை கேட்டு வளர்ந்தவள் நான். நிஜ மான் அம்பு பட்டால் கத்துமா?
— ஒரு வாசகி, திருப்புல்லாணி

பெரும்பாலும் கத்தாது அம்மா. நான் பார்த்த இரண்டு மானும் வாயே திறக்கவில்லை. மான் இரையாக வாழ்கிற பிராணி, வலியில் கத்தினால் புலிக்கும் ஓநாய்க்கும் இடம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். ஆட்டுக்கும் இதே சுபாவம் உண்டு, தாங்க முடியாத நோவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்கும், பழகாதவர்கள் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். முதுகெலும்பு அடிபட்டு எழ முடியாமல் கிடக்கும்போதும், நாயோ ஆளோ கையும் மெய்யுமாகப் பிடிக்கும்போதும் மட்டும் மான் அலறும். ஒரு முறை கேட்டால் மறக்க முடியாத சத்தம், குழந்தை அழுவது போலவே இருக்கும். கதையில் சீதை அந்தக் குரலைக் கேட்டுப் பதறியதை நினைத்துக்கொள்கிறேன். வில்லின் நுனி என்று பெயர் வாங்கிய தனுஷ்கோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க முடியும்.

அம்பு கொடுமையா, துப்பாக்கி கொடுமையா?
— பள்ளி மாணவி, மண்டபம்

பிரிட்டனில் மானை அம்பால் கொல்வது சட்டப்படி குற்றம், அமெரிக்காவில் அதற்கென்று தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு நாட்டிலும் யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நெஞ்சில் சரியாகப் பட்ட அம்பு பத்துப் பதினைந்து வினாடியில் மயக்கம் வரவைத்துவிடும், நோவு அதிகம் இருக்காது. தவறிய அம்பு, தவறிய குண்டு இரண்டுமே கொடுமைதான். அம்பு தவறுவதற்கு வழிகள் அதிகம், மேலே தொண்டித் தம்பிக்குச் சொன்ன கணக்கே போதும். என்னைக் கேட்டால், தேவையில்லாமல் இரண்டுமே வேண்டாம் என்பேன் மகளே.

நம் ஊரில் வில் வேட்டைக்கு அனுமதி வாங்க முடியுமா?
— பெயர் வேண்டாம், ஏர்வாடி

முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். எய்து பார்த்துத் தவறவிட்டாலும் குற்றம்தான், கண்ணி வைத்தாலும் குற்றம், பிடிக்க வேண்டும் என்று விரட்டினாலும் குற்றம். வில் ஆசை இருந்தால் வில்வித்தை விளையாட்டில் சேருங்கள், அது ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது.

டாக்டர் ஐயா, இதை எழுதவே மனசு கஷ்டமாக இருக்கிறது. போன சித்திரையில் எங்கள் பனங்காட்டுக்குள் ஒரு புள்ளிமான் ஓடிவந்தது, பின்னால் நாலு நாட்டுநாய். தொடையில் சின்னக் கடிதான், உள்ளங்கை அளவுகூட இல்லை. நாயை விரட்டிவிட்டு, மருந்து போடலாமே என்று நாங்கள் பதினைந்து பேர் சுற்றி வளைத்து, அரை மணி நேரம் ஓடிப் பிடித்து, காலைக் கட்டி, வாயில் தண்ணீர் ஊற்றி, நிழலில் போட்டு வைத்தோம். வனத்துறைக்கும் சொன்னோம். விடிவதற்குள் செத்துவிட்டது. அத்தனை சின்னக் காயத்தில் எப்படிச் செத்தது? நாங்கள் ஏதும் தவறு செய்தோமா?
— பனைத் தொழிலாளி, சாயல்குடி அருகில்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நல்ல மனசோடு செய்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் கேட்டுவிட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். அந்த மான் கடியால் சாகவில்லை. ஓட்டத்தாலும் பயத்தாலும் செத்தது.

கேப்சர் மயோபதி என்று இதற்குப் பெயர், பிடிபடும் விலங்குக்கு வரும் தசைச் சிதைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்த மான் தன் சக்திக்கு மீறி ஓடும்போது தசைகளில் அமிலம் தேங்குகிறது, உடம்புச் சூடு ஏறுகிறது, தசை நார்கள் உடைய ஆரம்பிக்கின்றன. உடைந்த தசையிலிருந்து வரும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். தசையின் சிவப்புப் பொருள் சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும், அப்போது மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகும். இதில் சில மான்கள் பிடித்த நிமிடமே சாகும், சில விடிவதற்குள், சில நாலைந்து நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்துவிட்டு திடீரென்று விழும். வந்த பிறகு வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை. நாய் துரத்தியது முதல் பாதி என்றால் பதினைந்து பேர் துரத்தியது இரண்டாம் பாதி. உங்களுக்கும் நாய்க்கும் வித்தியாசம் மானுக்குத் தெரியாது.

நானும் இதைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கண்மாய்க்குள் இறங்கிய ஒரு பெண் மானை வலை கட்டிப் பிடிக்கச் சொன்னவன் நான். கொம்போ காயமோ எதுவும் இல்லாத மான். வெற்றிகரமாகப் பிடித்தோம் என்று எல்லோரும் கைதட்டினார்கள், வண்டியில் ஏற்றும்போதே தலை தொங்கிவிட்டது. ஏன் செத்தது என்று பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த மானின் கண் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் பென்சில்வேனியாவில் அந்தத் தச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்னமோ செய்தது. அவர் காத்திருந்தது மான் சாவதற்காக. பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற நாமும் அதே போலக் காத்திருந்திருக்க வேண்டும், தூரத்தில், சத்தமில்லாமல். கிடை போடும் கீதாரிகளைப் பாருங்கள், நாய் கடித்த ஆட்டை முதலில் மந்தையின் சத்தத்திலிருந்து விலக்கி நிழலில் விட்டுவிட்டு அப்புறம்தான் மருந்தைத் தேடுவார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு மான் வந்தால் நாய்களைக் கட்டுங்கள், ஆட்களை, முக்கியமாகச் செல்போனோடு வரும் பிள்ளைகளை, கண்ணுக்கு மறைவாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மான் நடக்க முடிகிற நிலையில் இருந்தால் கருவேலங்காட்டுப் பக்கம் வழியை விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொன்னால் போதும், சின்னக் கடி தானாகவே ஆறிவிட வாய்ப்பு உண்டு. எழ முடியாமல் கிடந்தால் மட்டும் இரண்டே பேர் போங்கள். துண்டால் கண்ணை மூடுங்கள், மூக்கு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் மறைந்தால் பாதிப் பயம் அடங்கிவிடும். பக்கவாட்டில் சாய்த்துப் போடாமல் நெஞ்சு தரையில் படும்படி படுக்க வையுங்கள், அசை போடும் பிராணி சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வெயில் காலமாக இருந்தால் உடம்பை ஈரத்துணியால் நனைக்கலாம். பேச வேண்டாம், தடவிக் கொடுக்கவும் வேண்டாம், அதற்கு நம் கை ஆறுதல் இல்லை. கால்நடை மருத்துவர் வரும் வரை பக்கத்தில் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருங்கள்.

வெயில் காலத்தில் எங்கள் ஊருணி வற்றியதும் மான் ஊருக்குள் வருகிறது, நாய் கடிக்கிறது. தொட்டி கட்டித் தண்ணீர் வைத்தால் நல்லதா?
— இளைஞர் மன்றத்தினர், வாலிநோக்கம் அருகில்

நல்லது, ஆனால் ஊர் ஓரத்தில் வைத்தால் நீங்களே மானை நாய் வாயில் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வனத்துறையிடம் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில், காட்டை ஒட்டி, வீடுகளிலிருந்து தள்ளி வையுங்கள். சுவர் உயரம் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே ஒரு பக்கம் சரிவாக விடுங்கள், குட்டியும் அணிலும் விழுந்தால் ஏறி வரட்டும். சுற்றிலும் முப்பது நாற்பது அடிக்குப் புதரை வெட்டிவிடுங்கள், நாய் பதுங்க மறைவு இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான் வரும், மானுக்கு அது ஆகாது, டேங்கர் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். ஊற்றப் போகிறவர் மத்தியானத்தில் போகட்டும், மான் விடியலிலும் அந்தியிலும்தான் வரும்.